ஒன்பது டைவ்களுக்குப் பின்: ஒரு பவளத்திட்டு ஸ்கூபா நிலையத்தின் திட்டமிடல் பற்றி

வெப்பமண்டலக் கடலில், பவளத்திட்டு ஒன்றின் ஓரமாக, இரண்டு படகுகளை வைத்துக்கொண்டு இயங்கும் ஒரு ஸ்கூபா நிலையத்தில் நான்கு நாட்களில் ஒன்பது டைவ்கள் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அட்வான்ஸ்டு நிலைச் சான்றிதழும் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட டைவ்களும் கொண்ட, அனுபவசாலியும் அல்லாத புதியவனும் அல்லாத ஒருவனின் மதிப்புரையாக இதை வாசிக்கலாம். நிலையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளாக எனக்குப் பட்டவற்றை உரிமையாளரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். அவற்றைத் திருத்திக்கொள்ள அவர்களுக்கு அவகாசம் வேண்டும். தவிரவும், இங்கே நான் எடைபோடுவது மீன்களையோ படகின் வசதியையோ அல்ல. தண்ணீரில் குதிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிற, வாடிக்கையாளர் கண்ணில் அதிகம் படாத வேலையான திட்டமிடலைத்தான்.

அந்த வேலை இங்கே சரியாகத் தொடங்கவில்லை. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்னதாக மின்னஞ்சலில் ஐந்து கேள்விகள் அனுப்பியிருந்தேன்: வழக்கமாக இறங்கும் ஆழம் என்ன, அந்த மாதத்தில் நீரோட்டம் எப்படி இருக்கும், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் உண்டா, டைவால் உடலில் நைட்ரஜன் குமிழானால் சிகிச்சை தரும் அழுத்தச் சிகிச்சைக் கூடம் அருகில் எவ்வளவு தொலைவு. கட்டணப் பட்டியலும், 'வாருங்கள், வந்தபின் பேசிக்கொள்ளலாம்' என்ற ஒரு வரியும் பதிலாக வந்தன. நான் கடைசியாக எப்போது டைவ் செய்தேன் என்றோ, என் சான்றிதழ் எந்த ஆழம் வரை செல்லும் என்றோ, உடல்நிலை பற்றியோ அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதன் விளைவை முதல் நாள் காலையிலேயே பார்த்தேன். என்னோடு வந்திறங்கியவர்களில் ஒருவர் மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமாவுக்கு மருந்து எடுத்துக்கொள்வதாக நேர்மையாகக் குறித்திருந்தார். மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் அவரைத் தண்ணீரில் இறக்க முடியாது என்று நிலையத்தார் மறுத்தது முழுக்க முழுக்கச் சரி. ஆனால் அந்தப் படிவத்தை இரண்டு மாதம் முன்பே அனுப்பியிருந்தால், அவர் தன் ஊர் மருத்துவரிடமே கையெழுத்து வாங்கி வந்திருப்பார். விடுமுறையின் முதல் இரண்டு நாட்களைக் கரையில் உட்கார்ந்து கழித்திருக்க மாட்டார்.

கரைக்கு வந்து சேர்ந்த பிறகு கதை வேறு. முதல் டைவை யாரும் தவிர்க்க முடியாது. நூறு டைவ் முடித்தவரும் ஐந்து மீட்டர் ஆழத்தில் மணல்தரை உள்ள அமைதியான இடத்தில் இறங்கி, முகக்கண்ணாடியில் நீர் நிரப்பி வெளியேற்றி, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் திரும்பப் பொருத்திக் காட்ட வேண்டும். ஈயக்கட்டிகளின் எடையை அவர்கள் டைவின் தொடக்கத்தில் சரிபார்ப்பதில்லை, முடிவில் சரிபார்க்கிறார்கள். இதன் காரணம் எளியது. முழுதாக நிரப்பிய வழக்கமான அலுமினியச் சிலிண்டரில் இருக்கும் காற்றே ஏறத்தாழ இரண்டரை கிலோ எடையுள்ளது. அது மூச்சாகக் கரைந்த பிறகு, தொடக்கத்தில் மூழ்கும் சிலிண்டர் இறுதியில் மிதக்கத் தொடங்கும். தொடக்கத்தில் சரியாகத் தோன்றிய எடை, மேலேறும் வழியில், உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற ஐந்து மீட்டரில் பாதுகாப்பு நிறுத்தத்துக்காக நிற்க வேண்டிய நேரத்தில் போதாமல் போய், ஆளை மேலே தூக்கிவிடும். நான் வழக்கமாக ஆறு கிலோ கட்டுபவன். சிலிண்டரில் 50 பார் (பார் என்பது அழுத்த அலகு, முழுச் சிலிண்டரில் சுமார் 200 இருக்கும்) மிஞ்சியிருந்தபோது என்னை மேல்மட்டத்தில் அசையாமல் நிற்கவைத்துப் பார்த்து, ஐந்து கிலோ போதும் என்று முடிவு செய்தார்கள். அந்த ஒரு கிலோ குறைந்ததில் எஞ்சிய எட்டு டைவ்களிலும் என் கால்கள் பவளத்தை விட்டு விலகியே இருந்தன.

இந்த நிலையத்தின் உண்மையான சொத்து முன்கூடத்தில் தொங்கும் வெள்ளைப் பலகையும், அதன் கீழே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் தடித்த நோட்டும்தான். பலகையில் அன்றைய ஏற்றவற்ற நேரம், காற்றின் திசை, நிலவின் நாள், போகவிருக்கும் இடம், அது முடியாவிட்டால் மாற்றிடம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். நோட்டில் இருப்பவை அவர்களே கண்டு எழுதியவை: இன்ன நாளில், இன்ன இடத்தில், நீரோட்டம் எத்தனை மணிக்கு நின்றது, எந்தத் திசையில் மீண்டும் தொடங்கியது. அச்சிட்ட ஏற்றவற்ற அட்டவணை இருக்கும்போது இது எதற்கு என்று முதலில் எனக்கும் தோன்றியது. திட்டை ஊடறுத்து உள்காயலுக்குள் போகும் குறுகிய வாய் ஒன்றின் படத்தை வரைந்து, குழுவை வழிநடத்தும் டைவ் மாஸ்டர் விளக்கினார். கரையில் ஏற்றம் உச்சத்தை எட்டிய பிறகும் காயல் நிரம்பிக்கொண்டே இருக்கும்; ஆகவே வாயில் ஓட்டம் நிற்கும் நேரம் அட்டவணை சொல்லும் நேரத்துக்குப் பின்னால் வரும். எவ்வளவு பின்னால் என்பதை வாயின் அகலமும் காயலின் பரப்பும் அன்றைய காற்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதைப் பல நாள் நின்று பார்த்து எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஏற்றத்தின்போது இறங்குவதா, வற்றத்தின்போது இறங்குவதா என்பதும் இதே போன்ற கேள்வி. ஏற்றத்தில் திறந்த கடலின் தெளிந்த நீர் உள்ளே வருகிறது. அப்போது பார்வை முப்பது மீட்டர் வரை நீளும். பெரிய மீன்கள் வாயின் வெளிவிளிம்பில் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்றுகொண்டிருக்கும். தப்பித்தவறி அடித்துச் செல்லப்பட்டாலும் ஆழமற்ற காயலுக்குள்தான் போய்ச் சேர்வோம். வற்றத்தில் காயலின் கலங்கல் நீர் வெளியேறுவதால் பார்வை குறைவதோடு, ஓட்டம் நம்மைத் திறந்த கடலை நோக்கித் தள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்ற வேறுபாடு மிகுந்து ஓட்டம் விசையாகவும், அட்டமியை ஒட்டிய நாட்களில் தணிந்தும் இருக்கும் என்பதைக் கடலோரத்தில் வளர்ந்த யாரும் அறிவார்கள். ஆனால் டைவ் தேதியை அதைப் பார்த்துக் குறித்துக் கொடுக்கும் நிலையங்கள் அதிகமில்லை. நான் பதிவு செய்திருந்த நான்கு நாட்களில் இரண்டாவது நாள் பௌர்ணமி. அந்த வாயில் டைவ் செய்வதை நான்காம் நாளுக்குத் தள்ளிவைத்தால் ஓட்டம் சற்றே தணிந்திருக்கும் என்று அவர்களாகவே மாற்றி எழுதினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். படகு திட்டின் வடமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 8:10. நாங்கள் எட்டுப் பேரும் உடை மாட்டி, சிலிண்டர்களைத் திறந்து, ஒருவர் மற்றவரின் வார்களையும் காற்றையும் சோதித்து முடித்திருந்தோம். டைவ் மாஸ்டர் மட்டும் எதையும் மாட்டாமல், படகு கட்டும் மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதவை செங்குத்தாக நிற்காமல் சாய்ந்து பாதி அமிழ்ந்திருந்தது. அதன் கீழ்ப்புறத்தில் நீர் சுழித்து நுரைத்தது. அவர் முகக்கண்ணாடியும் துடுப்பும் மட்டும் அணிந்து குதித்து, மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சில நொடிகள் கீழே பார்த்தார். திட்டின் விளிம்புக்கு மேலே கூட்டமாக நிற்கும் சிறுமீன்கள் எல்லாம் ஒரே பக்கம் தலைதிருப்பி, பவளத்தை ஒட்டிப் பதுங்கியிருந்ததாக மேலே வந்து சொன்னார். கடற்கரைத் தமிழில் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம், நோட்டின்படி அந்நேரம் தணிந்திருக்க வேண்டும், தணியவில்லை. இருபத்தைந்து நிமிடம் காத்திருப்போம், அப்போதும் மிதவை நிமிராவிட்டால் மாற்றிடத்துக்குப் போவோம் என்றார். மிதவை நிமிரவில்லை. கட்டணம் கொடுத்து வந்த எட்டுப் பேரின் முகச்சுளிப்பைத் தாங்கிக்கொண்டு அவர் படகைத் திருப்பச் சொன்னார். காற்றுக்கு மறைவான தென்பக்கச் சரிவில் நாங்கள் செய்த டைவ் சுமாரானதுதான். ஆனால் இந்த நிலையத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அந்தத் திரும்பலுக்கே உரியது.

காற்றுக் கணக்கிலும் அவர்கள் பிறரைவிடக் கறாரானவர்கள். பெரும்பாலான இடங்களில் '50 பாரோடு படகுக்கு வந்துவிடுங்கள்' என்பதோடு கணக்கு முடிந்துவிடும். இங்கே 70 பார் என்றார்கள். ஏன் என்று கேட்டபோது, எழுதுபலகையை எடுத்துப் போட்டுக் காட்டினார்கள். கடலில் பத்து மீட்டருக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் கூடும். ஆகவே இருபது மீட்டரில் மொத்த அழுத்தம் 3 பார். அங்கே ஒருவருக்குக் காற்று முற்றிலும் நின்றுபோய், இருவரும் ஒரே சிலிண்டரில் சுவாசிக்க நேர்ந்தால், பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நிலைமையைச் சமாளிக்கும் முதல் நிமிடத்துக்கு 180 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஐந்து மீட்டர் வரை ஏறுவதற்குச் சுமார் 230. அங்கே மூன்று நிமிடம் நிற்பதற்கு 270. மேல்மட்டம் வரை செல்ல இன்னொரு நாற்பது. ஆக மொத்தம் ஏறத்தாழ 720 லிட்டர், 11.1 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் அது 65 பார். அதாவது 50 பார் மிச்சமிருக்கும்போதுதான் இருபது மீட்டரிலிருந்து ஏறத் தொடங்குகிறவர் தன் ஒருவருக்குப் போதுமான காற்றை வைத்திருக்கிறார், துணைக்கு வந்தவருக்கும் சேர்த்து அது போதாது. இந்தக் கணக்கை நான் பயிற்சியின்போதே படித்திருக்கிறேன். ஈரக் கையோடு ஒருவர் பென்சிலால் எழுதிக் காட்டியபோதுதான் அது மனத்தில் தங்கியது.

இதே கணக்கு டைவின் நீளத்தையும் சொல்லிவிடுகிறது. கரையில் நிமிடத்துக்கு 15 லிட்டர் சுவாசிப்பவர் 200 பாரில் தொடங்கி 70 பாரில் முடித்தால், இருபது மீட்டரிலேயே இருந்தால் 32 நிமிடமும், சரிவில் மெல்ல மேலேறிச் சராசரி ஆழத்தைப் பன்னிரண்டு மீட்டராக வைத்துக்கொண்டால் 43 நிமிடமும் கிடைக்கும். எனவே முதலில் ஆழத்துக்குச் சென்று, திட்டின் முகப்போடு மேலேறி, நிறமும் மீனும் நிறைந்த எட்டு மீட்டர் மட்டத்தில் நீண்ட நேரம் செலவிடுவதையே எல்லா டைவ்களுக்கும் வரைந்தார்கள். சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே நீரில் கரைந்துபோவதால், படம் எடுப்பவர்களுக்கும் இதுவே நல்லது.

நைட்ரஜன் கணக்கில் சொல்ல அதிகமில்லை. ஆழத்தில் உடலில் கரையும் நைட்ரஜனுக்காக மேலேறும்போது கட்டாய நிறுத்தம் தேவைப்படாமல் இருக்க, டைவிங் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) அட்டவணை 18 மீட்டருக்கு 56 நிமிடமும் 30 மீட்டருக்கு 20 நிமிடமும் அனுமதிக்கிறது. ஆளாளுக்கு மணிக்கட்டில் கட்டியிருக்கும் கணினி ஒவ்வொன்றும் சற்றே வேறு எண்ணைக் காட்டும். இணையாகச் செல்லும் இருவரில் யாருடைய கணினி குறைவான நேரம் காட்டுகிறதோ அதுவே இருவருக்கும் எல்லை என்பது இங்கே எழுதாத சட்டம். நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று, கேட்டவர்களுக்கு 32 சதவீத ஆக்சிஜன் கலவை கொடுத்தார்கள். ஆக்சிஜன் அழுத்தத்தின் எல்லையை 1.4 பார் என்று கொண்டால், இதில் 33 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. சிலிண்டரைப் பகுப்பாய்வுக் கருவியில் வைத்து அளப்பதை அவர்கள் செய்வதில்லை, நம்மையே செய்யவைக்கிறார்கள். அளந்த எண், எல்லை ஆழம், தேதி, கையொப்பம் ஆகியவற்றை ஒட்டுநாடாவில் எழுதி ஒட்டிய பிறகே சிலிண்டர் படகேறும். என்னுடையது ஒருமுறை 31.4 காட்டியது, 32 என்று எழுதப்போன என் கையைத் தடுத்து, கண்ட எண்ணையே எழுதச் சொன்னார்கள்.

பவளத்தைப் பற்றிய முன்னுரை சுருக்கமாகவும் நேர்மையாகவும் இருந்தது. நான்காவது உலகளாவிய பவள வெளிறல் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது என்பதையும், கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே பவளம் வெளிறத் தொடங்கும் என்பதையும் சொல்லி, திட்டின் கிழக்குப் பக்க மேல்தளத்தில் கொம்புப் பவளங்கள் பெரும்பாலும் செத்துப் பாசி படர்ந்திருக்கின்றன, அங்கே அழகை எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். பழைய புகைப்படங்களைச் சுவரில் மாட்டி வைத்து வாடிக்கையாளரை ஏமாற்றும் நிலையங்களைப் பார்த்திருக்கும் எனக்கு இது ஆறுதலாக இருந்தது. நங்கூரம் போடுவதில்லை, நிலையான மிதவையில்தான் படகைக் கட்டுகிறார்கள். பவளத்தைப் பிடிக்கும் ஆசை வரக் கூடாது என்பதற்காகக் கையுறைக்குத் தடை. முட்டையிட்டுக் காவல் காக்கும் பெரிய கிளாத்தி மீன் துரத்தினால் மேல்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் விலக வேண்டும் என்றும் சொன்னார்கள். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு போன்றது, ஏற ஏற அதன் எல்லைக்குள்தான் இருப்போம். இரண்டாம் நாளே இது பயன்பட்டது. என் துடுப்பின் நுனியில் இப்போதும் அந்தப் பல்தடம் இருக்கிறது.

இனி குறைகள். முதலாவது, குழு பிரிப்பது. தண்ணீரை இவ்வளவு நுணுக்கமாகப் படிப்பவர்கள், தண்ணீரில் இறங்கும் மனிதர்களை ஏனோ படகின் இருக்கை எண்ணிக்கையைக் கொண்டு பிரிக்கிறார்கள். இரண்டாம் நாள் என் குழுவில் ஆறு பேர். அவர்களில் ஒருவருக்கு அது பன்னிரண்டாவது டைவ், இன்னொருவர் ஐந்நூறைக் கடந்தவர். புதியவர் கைகளைத் துழாவித் துழாவிப் பதினெட்டாவது நிமிடத்திலேயே 100 பாருக்கு வந்துவிட்டார்; வழிகாட்டி ஒருவரே இருந்ததால் மொத்தக் குழுவும் முப்பதாவது நிமிடத்தில் மேலே வந்தது. புதியவர்மீது எந்தத் தவறும் இல்லை. எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். எங்களை ஏமாற்றியது போல அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது. மின்னஞ்சலிலேயே டைவ் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கியிருந்தால் அவரை இன்னொரு படகின் பயிற்சிக் குழுவோடு அனுப்பியிருக்கலாம். அவருக்கும் அதுவே இன்பமாக இருந்திருக்கும்.

இரண்டாவதை என்னால் அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. பதிவுப் படிவத்தில் என் திரும்பு விமானம் ஐந்தாம் நாள் காலை 9 மணிக்கு என்று எழுதியிருந்தேன். நான்காம் நாளுக்கு எனக்கு மூன்று டைவ்கள் போட்டிருந்தார்கள். மூன்றாவது, மாலை 3:30 மணிக்கு. 4:15 மணிக்கு மேலே வந்தால் விமானத்துக்கு 16 மணி 45 நிமிட இடைவெளிதான் இருக்கும். டைவிங் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டுதல், மேலேறும்போது கட்டாய நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்களோ பல நாள் டைவ்களோ செய்திருந்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்கிறது. விமான அறையின் அழுத்தம் தரைமட்டத்தைவிடக் குறைவு என்பதால், திசுக்களில் இன்னும் வெளியேறாமல் இருக்கும் நைட்ரஜன் குமிழாக வாய்ப்பிருக்கிறது. நான்கு நாள் தொடர்ந்து இறங்கிய எனக்கு 18 மணி நேரம் என்பது குறைந்தபட்சம், தாராளம் அல்ல. முகப்பு மேசையில் இதைச் சுட்டிக்காட்டியபோது, 'எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை' என்ற பதில் வந்தது. நீரோட்டம் தணியவில்லை என்று எட்டுப் பேரைத் திருப்பி அழைத்து வந்த அதே நிலையத்தின் பதில் இது என்பதை நம்பவே சிரமமாக இருந்தது. படிவத்தில் விமான நேரத்துக்குக் கட்டம் இருக்கிறது; ஆனால் அதைப் பலகையில் எழுதும் வழக்கம் இல்லை, ஆகவே டைவ் மாஸ்டரின் கண்ணில் அது படுவதே இல்லை. நான் அந்த டைவை விட்டுவிட்டேன். பணத்தைத் திருப்பித் தர மறுப்பு இல்லை.

வாடகைக் கருவிகள் நல்ல நிலையில் இருந்தன. ரெகுலேட்டர்களின் வாய்ப்பகுதி புதிது, சிலிண்டர்களின் தோளில் அழுத்தச் சோதனைத் தேதி தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தது. 3 மில்லிமீட்டர் உடை 28 டிகிரி நீருக்குப் போதும் என்றாலும், ஒரே நாளில் மூன்றாவது முறை இறங்கும்போது குளிர்கிறது. தலைமூடி கொண்டுபோவது நல்லது. மேற்பரப்பில் படகுக்கு அடையாளம் காட்டும் நீள்மிதவை ஆளுக்கொன்று இலவசமாகத் தருகிறார்கள். படகில் ஆக்சிஜன் பெட்டி இருந்தது. திறந்து காட்டச் சொன்னேன், சிலிண்டர் நிரம்பியிருந்தது. அழுத்தச் சிகிச்சைக் கூடத்தின் தொலைபேசி எண்ணைச் சுக்கானுக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். மின்னஞ்சலில் கேட்ட ஐந்து கேள்விகளுக்கும் விடை இப்படி ஒவ்வொன்றாகப் படகிலேயே கிடைத்தது. எல்லாமே நல்ல விடைகள். இரண்டு மாதம் முன்பே தந்திருக்கக் கூடியவை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். போகிறவர்கள் தங்கள் மருத்துவப் படிவத்தை ஊரிலேயே பூர்த்தி செய்துகொண்டு, கடைசி டைவின் நேரத்தைத் தாங்களே கணக்கிட்டுச் சொல்லிவிட வேண்டும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஐந்தாம் நாள் அதிகாலை கணக்கு முடிக்கப் போனபோது, டைவ் மாஸ்டர் பலகையின் வலது ஓரத்தில் ஒரு புதிய கோடு போட்டு, அதன் தலையில் 'விமானம்' என்று எழுதிக்கொண்டிருந்தார். அழிக்கக்கூடிய மையால் எழுதியது. இன்னும் இருக்கிறதா என்று அடுத்துப் போகிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.